பட்டனை அழுத்துறவங்களும் பட்டனைச் செய்யுறவங்களும்: டெஸ்க்டாப் பயிற்சியின் கதை, தென்காசி வரை

தென்காசியில் சாஃப்ட்வேர் என்று பேச்சு எடுத்தால் எல்லோரும் மத்தளம்பாறைப் பக்கம்தான் கை காட்டுவார்கள். 2011-ல் அங்கே ஜோஹோ அலுவலகம் வந்தது. 2019-ல் அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவை விட்டு அந்தக் கிராமத்துக்கே குடிவந்தார். அதே வருஷம் நவம்பரில் தென்காசி தனி மாவட்டமும் ஆனது. இந்தக் கதையை எழுதாத பத்திரிகை இல்லை, வீடியோ போடாத யூடியூப் சேனல் இல்லை. அதை மறுபடி சொல்வது என் நோக்கம் இல்லை.

எனக்கு இதில் வேறொரு கேள்வி. நம்ம சின்ன ஊர்களுக்குக் கம்ப்யூட்டர் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு. கம்ப்யூட்டர் கிளாஸ் போர்டு இல்லாத பஸ் ஸ்டாண்டு சாலையைப் பார்ப்பது கஷ்டம். அப்படி இருந்தும் சாஃப்ட்வேரைப் பயன்படுத்தக் கத்துக்கிட்டவங்க ஏராளம், சாஃப்ட்வேரை எழுதக் கத்துக்கிட்டவங்க கொஞ்சம். அதிலும், எழுதினது ஒரு கடையில் பத்து வருஷம் ஓடும்படி எழுதத் தெரிஞ்சவங்க ரொம்பக் கொஞ்சம். நடுவில் ஒரு சுவர் இருக்கு. அந்தச் சுவர் எப்படி எழும்பியது, எங்கே எங்கே ஓட்டை விழுந்தது என்று தேடிப் பார்த்த குறிப்புகள்தான் இது.

டைப்ரைட்டிங் வழியா வந்த கம்ப்யூட்டர்

தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில் கம்ப்யூட்டர் கல்வி பள்ளிக்கூடம் வழியா வருவதற்கு முன்னாடி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வழியா வந்தது. லோயர், ஹையர் என்று அரசுத் தேர்வு, கையில் சான்றிதழ், அப்புறம் அரசு வேலைக்கு விண்ணப்பம். இது பல தலைமுறைக்குப் பழகிய பாதை. டைப்ரைட்டர் இருந்த மேஜையில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தபோது பாதை மாறவில்லை, எந்திரம் மட்டும் மாறியது. பின்னாடி அரசே தட்டச்சுத் தேர்வோடு ஆபீஸ் ஆட்டோமேஷன் என்ற கம்ப்யூட்டர் தேர்வையும் சேர்த்து நடத்த ஆரம்பித்தது.

இதில் தப்பு ஒண்ணும் இல்லை. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட படிப்பு அது. ஆனால் கம்ப்யூட்டர் என்றால் வேகமாகவும் தப்பில்லாமலும் இயக்க வேண்டிய ஒரு எந்திரம் என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது. டைப்ரைட்டரை யாரோ செய்து அனுப்புவார்கள், நாம் அடிப்போம். சாஃப்ட்வேரையும் யாரோ செய்து அனுப்புவார்கள், நாம் இயக்குவோம்.

எழுதக் கத்துக்கொடுக்கும் பாதை வேறு பக்கமிருந்து வந்தது. 1981-ல் என்ஐஐடி தொடங்கியது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து இறக்குமதியைத் தளர்த்தியது. 1986-ல் ஆப்டெக் வந்தது. சென்னையிலிருந்து எஸ்எஸ்ஐ கிளைகள் விட்டது. கல்லூரிக்கு வெளியே படிப்பவர்களுக்காக 1990-ல் மத்திய அரசு டோயெக் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் ஓ, ஏ, பி, சி என்று நாலு படிகள். ஓ என்பது அடிப்படை, ஏ என்பது அட்வான்ஸ்டு டிப்ளமோவுக்குச் சமம், அதற்கு மேல் எம்சிஏ, எம்டெக் அளவு. காகிதத்தில் இது அருமையான ஏணி. கீழ்ப்படியில் இயக்கக் கத்துக்கிட்ட ஒருவர் ஒவ்வொரு படியா ஏறி எழுதுகிற இடத்துக்குப் போக வழி இருந்தது. சின்ன ஊர்களில் அதன் கீழ்ப்படிதான் கண்ணில் பட்டது.

ஜன்னல் திறந்தபோது என்ன மாறியது

1980-களின் புரோகிராம்கள் கருப்புத் திரையில் ஓடின. அவை அரசு விண்ணப்பப் படிவம் மாதிரி. பெயர் என்ன? சொன்னோம். வயசு என்ன? சொன்னோம். தொகை எவ்வளவு? சொன்னோம். வரிசையைத் தீர்மானிப்பது புரோகிராம். நாம் பதில் சொல்லும் ஆள்.

1984-ல் ஆப்பிளின் மெக்கின்டாஷும், 1985-ல் மைக்ரோசாஃப்டின் முதல் விண்டோஸும் வந்தன. 1990-ல் வந்த விண்டோஸ் 3.0 தான் பரவலா ஓடியது. இப்போது வரிசையைத் தீர்மானிப்பவர் மனிதர். எந்தப் பட்டனை எப்போ அழுத்துவார் என்று புரோகிராமுக்குத் தெரியாது. அது காத்திருக்கணும்.

டீக்கடை மாஸ்டரை நினைச்சுப் பாருங்க. ஒருத்தர் ஸ்ட்ராங்கா ஒரு டீ என்கிறார், ஒருத்தர் ரெண்டு பார்சல் என்கிறார், ஒருத்தர் மீதிச் சில்லறை கேட்கிறார். எந்தக் குரல் எப்போ வரும் என்று மாஸ்டருக்குத் தெரியாது. குரல் வந்தால் அந்த வேலையை முடிச்சுட்டு மறுபடி காதைத் தீட்டிக்கிட்டு நிற்பார். விண்டோஸ் புரோகிராமின் உயிர் இதுதான். உள்ளே ஒரு சுழற்சி ஓடிக்கிட்டே இருக்கும். மவுஸ் கிளிக், கீபோர்டு தட்டல், திரையை மறுபடி வரை என்ற கட்டளை எல்லாம் ஒரு வரிசையில் வந்து நிற்கும். ஒவ்வொன்றா எடுத்து உரிய இடத்துக்கு அனுப்பும்.

ஆரம்பத்தில் இதை எழுதுவது லேசான காரியமா இருக்கலை. 1988-ல் சார்லஸ் பெட்சோல்ட் எழுதிய விண்டோஸ் புரோகிராமிங் புத்தகம்தான் அந்தத் தலைமுறைக்கு வேதம். ஒரு காலி ஜன்னலைத் திறந்து அதில் வணக்கம் சொல்லவே சி மொழியில் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதணும். 1991 மே மாதம் மைக்ரோசாஃப்ட் விஷுவல் பேசிக்கை வெளியிட்டதும் நிலைமை தலைகீழானது. திரையில் ஒரு பட்டனை இழுத்து வை, அதை ரெண்டு தடவை கிளிக் பண்ணு, அழுத்தினால் என்ன நடக்கணும் என்பதை மட்டும் எழுது. சுழற்சி, வரிசை எல்லாவற்றையும் அது மறைச்சு வச்சுக்கிச்சு. அதன் வரைகிற பகுதிக்கு அடித்தளம் போட்ட ஆலன் கூப்பரை விஷுவல் பேசிக்கின் தந்தை என்றே சொல்வார்கள். 1995-ல் போர்லேண்டின் டெல்ஃபை, 1998 கடைசியில் ஜாவாவின் ஸ்விங் என்று அதே வழியில் வேறு கருவிகளும் வந்தன.

சுவரில் விழுந்த முதல் பெரிய ஓட்டை இதுதான். ஒரு ஆள், ஒரு கம்ப்யூட்டர், சில மாசம். எதிர்க்கடைக்குத் தேவையான பில்லிங் சாஃப்ட்வேரை அவரே எழுதிவிடலாம். அரிசி மில், நகைக்கடை, லாரி புக்கிங் ஆபீஸ், லாட்ஜ் என்று ஊருக்குள்ளேயே வேலை இருந்தது.

ஃப்ரண்ட் எண்ட் விபி, பேக் எண்ட் ஆரக்கிள்

1990-களின் கடைசியில் படிச்சவங்களுக்கு இந்தத் தலைப்பு மந்திரம் மாதிரி ஞாபகம் இருக்கும். கல்லூரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் அப்படித்தான் எழுதுவாங்க. லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம், ஹாஸ்பிட்டல் மேனேஜ்மென்ட் சிஸ்டம், பேரோல் சிஸ்டம் என்று ஒரு பத்துத் தலைப்புகள் தமிழ்நாடு முழுக்கச் சுத்தி வந்தன. காசு கொடுத்தால் ப்ராஜெக்டை ரெடியா கொடுக்கிற சென்டர்களும் முளைத்தன.

பயிற்சி மையங்கள் கற்றுக்கொடுத்தது கருவியை. டூல்பாக்ஸில் எது எங்கே இருக்கு, டேட்டாபேஸோடு எப்படி இணைக்கணும், ரிப்போர்ட் எப்படி எடுக்கணும். மூணு மாசம், ஆறு மாசம், கோர்ஸ் முடிஞ்சுது. மறைச்சு வைக்கப்பட்ட அந்தச் சுழற்சியைத் திறந்து காட்டினவங்க கொஞ்சம். டைப்ரைட்டர் காலத்து எண்ணம் இங்கேயும் நுழைஞ்சுடுச்சு. முன்னாடி எந்திரத்தை இயக்கக் கத்துக்கிட்டோம், இப்போ விஷுவல் பேசிக்கை இயக்கக் கத்துக்கிட்டோம்.

பள்ளிப் பாடத்திலும் இந்தப் பிளவு தெரியும். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயன்ஸ் பாடப்புத்தகம் ரொம்ப நாள் ரெண்டு தொகுதியா இருந்தது. முதல் தொகுதியில் ஸ்டார் ஆஃபீஸ், ரெண்டாவதில் சி பிளஸ் பிளஸ். ஒன்றில் மற்றவர் எழுதிய ஜன்னல்களை இயக்கணும், இன்னொன்றில் கருப்புத் திரையில் சின்னச் சின்னப் புரோகிராம் எழுதணும். முதல் தொகுதியில் பார்த்த ஜன்னலை ரெண்டாவது தொகுதியில் கத்துக்கிட்டதை வச்சு எப்படிச் செய்வது என்ற கேள்விக்கு அந்த ரெண்டு அட்டைகளுக்குள் பதில் கிடையாது.

அட்வான்ஸ்டு என்றால் என்ன?

நோட்டீஸில் அட்வான்ஸ்டு என்று போட்டுவிட்டால் அட்வான்ஸ்டு ஆகிவிடாது. உண்மையான மேல்நிலைப் பயிற்சி எதைத் தொட்டிருக்கணும் என்று பார்க்க, குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் இருப்பதா வச்சுக்குவோம். ஜூனில் சாரல் அடிச்சா அறை கிடைக்காது, சீசன் முடிஞ்சா ஆள் கிடைக்காது. அங்கே ஒரு தம்பி பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்திருக்கார். முதல் வாரம் நல்லா ஓடுது. அப்புறம்?

ரிசப்ஷனில் ரெண்டு கம்ப்யூட்டர். ஒரே நேரத்தில் ரெண்டு பேரும் 12-ஆம் நம்பர் அறை காலி என்று பார்த்து ரெண்டு குடும்பத்துக்குக் கொடுத்துட்டாங்க. புரோகிராமில் பிழை இருக்கான்னு கேட்டா, தனித்தனியா பார்த்தால் இல்லை. ஒருத்தர் எடுக்கும்போது மற்றவருக்குப் பூட்டு விழணும் என்பது யோசிக்கப்படலை. ஒரே கம்ப்யூட்டரில் ப்ராஜெக்ட் செய்து காட்டினவருக்கு இந்தப் பிரச்சினையே கண்ணில் பட்டிருக்காது.

அடுத்து கரண்ட். 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது நமக்கெல்லாம் தெரியும். அட்வான்ஸ் தொகை பதிவாகிவிட்டது, அறை பதிவாவதற்குள் கரண்ட் போச்சு. மறுநாள் அண்ணாச்சி கூப்பிடுவார்: "தம்பி, கணக்கு இடிக்குதே, என்னன்னு வந்து பாருங்க." ரெண்டும் சேர்ந்து நடக்கணும், இல்லாவிட்டால் ரெண்டுமே நடக்கக் கூடாது. டிரான்ஸாக்ஷன் என்று பாடத்தில் ஒரு பக்கத்தில் முடிந்துபோகும் விஷயம், கடையில் அண்ணாச்சியின் தூக்கம். ஆக்சஸ் மாதிரி ஒரே ஃபைலில் எல்லாவற்றையும் வைக்கிற டேட்டாபேஸ்கள் இப்படிப் பாதியில் நின்றால் ஃபைலே கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. பேக்கப் எடுக்கத் தெரிவதோடு, எடுத்த பேக்கப்பை மறுபடி ஏற்றிப் பார்க்கவும் தெரியணும்.

மூணாவது, திரை உறைந்து போவது. மாசக் கடைசி ரிப்போர்ட் எடுக்கும்போது ஜன்னல் வெளுத்துப் போய் நாட் ரெஸ்பாண்டிங் என்று நிற்கும். மறுபடி டீக்கடைக்குப் போங்க. மாஸ்டரே பால் வாங்கப் போய்விட்டால் கடை ஸ்தம்பிக்கும். பையனை அனுப்பணும். புரோகிராமிங்கில் அந்தப் பையனுக்குப் பேர் திரெட். ஆனால் பையன் கல்லாப்பெட்டியில் கை வைக்கக் கூடாது. பாலை மாஸ்டரிடம் கொடுக்கணும், கொடுக்கல் வாங்கல் மாஸ்டர் மூலமா மட்டும்தான். திரையை அதற்குரிய திரெட் மட்டுமே தொடணும் என்ற விதி விண்டோஸிலும் உண்டு, ஜாவா ஸ்விங்கிலும் உண்டு. கருவி மாறினாலும் விதி மாறவில்லை.

நாலாவது, நம்ம ஊருக்கே உரிய தலைவலி, தமிழ். விஷுவல் பேசிக் 6 உள்ளுக்குள் யூனிகோடில் எழுத்தை வைத்திருந்தாலும், அதோடு வரும் டெக்ஸ்ட் பாக்ஸ் போன்றவற்றுக்கு யூனிகோட் தமிழைக் காட்டத் தெரியாது. அதனால் 8 பிட் எழுத்துருக்களில்தான் தமிழ் ஓடியது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் ஆளாளுக்கு ஒரு கணக்கு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று ரெண்டு தரங்கள் வந்தன. அவற்றில் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிப்பாங்க. செல்வி என்ற பெயரில் முதலில் கொம்பு, அப்புறம் ச. அகரவரிசைப்படி பட்டியல் கேட்டால் செல்வியும் கெளரியும் பெருமாளும் கொம்புக் கூட்டத்தில் ஒண்ணா போய் நிற்பாங்க, சரவணன் எங்கேயோ தனியா நிற்பார். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் எல்லாமே கிறுக்கல். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்ட பிறகும் பழைய ஃபைல்கள் பழைய எழுத்துருவிலேயே கிடந்தன. தமிழில் பில் போடணும் என்று கேட்ட ஒவ்வொரு கடைக்காரருக்குப் பின்னாடியும் இத்தனை சிக்கல் இருந்தது.

கடைசியா வரி. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது, ஒரு நாள் வாடகை 1000 ரூபாய்க்குக் கீழே இருந்த லாட்ஜ் அறைக்கு வரி இல்லை. 2022 ஜூலையில் அந்த விலக்கை எடுத்துவிட்டு 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பரில் 7500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம் ஆக்கினார்கள். வரி எண்ணை நேரடியா கோடுக்குள் எழுதி வச்சவர் ஒவ்வொரு தடவையும் ஊர் ஊரா போய் மாத்தணும். விகிதத்தையும், அது எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வருது என்பதையும் ஒரு அட்டவணையில் வச்சவர், போனில் சொல்லியே முடிச்சுடலாம். பழைய பில்லை மறுபடி அச்சடித்தாலும் அந்த நாளின் வரிதான் வரும்.

மேலே சொன்ன எதுவும் விஷுவல் பேசிக்கின் டூல்பாக்ஸில் இல்லை. இவை கருவிக்குக் கீழே இருக்கிற விஷயங்களும், தொழிலுக்குள்ளே இருக்கிற விஷயங்களும். அட்வான்ஸ்டு என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிஞ்ச அர்த்தம் இதுதான்.

ஒரு அப்பாவும் மகனும்

கருவியைவிடத் தொழிலறிவு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு டாலி ஒரு நல்ல சாட்சி. பெங்களூரில் எஸ்.எஸ். கோயங்கா ஆலைகளுக்கும் மில்களுக்கும் மூலப்பொருள், உதிரிப்பாகம் விற்கிற வியாபாரி. தன் கணக்குக்குப் பொருந்துகிற சாஃப்ட்வேர் எதுவும் கிடைக்காததால் மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-ல் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் நிறுவனம் தொடங்கியது. 1999-ல் டாலி சொல்யூஷன்ஸ் ஆனது. முதல் பயனர் எதிரே உட்கார்ந்திருந்த அப்பா. இந்திய வியாபாரி எப்படிக் கணக்கு எழுதுவார் என்பது அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது.

தமிழுக்கும் இதே மாதிரிக் கதைகள் உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் முரசு தமிழ்ச் செயலியை உருவாக்கினார். சென்னையில் பா. விஸ்வநாதன் 2000-ல் அழகியைக் கொண்டுவந்தார். பெரிய நிறுவனம் பின்னாடி நிற்காமல், தேவையைத் தானே உணர்ந்த தனி மனிதர்கள் எழுதிய டெஸ்க்டாப் சாஃப்ட்வேர்கள் இவை. டெஸ்க்டாப் காலத்துக்கே உரிய ஒரு சுதந்திரம் அதில் இருந்தது. சர்வர் வாடகை கிடையாது, யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், ஒரு ஃப்ளாப்பியோ சிடியோ போதும்.

சின்ன ஊரில் பில்லிங் எழுதினவருக்கும் அதே சுதந்திரம் இருந்தது. எதிரே உட்கார்ந்து திட்டுகிற அண்ணாச்சி இருந்தார். அவர்தான் மேல்நிலைப் பயிற்சியின் ஆசிரியர். சம்பளம் வாங்காத ஆசிரியர் என்றுகூடச் சொல்லலாம்.

கருவி செத்தபோது

2002-ல் மைக்ரோசாஃப்ட் டாட் நெட்டைக் கொண்டுவந்தது. பெயரில் விஷுவல் பேசிக் இருந்தாலும் புதுசு வேற, பழசு வேற. பழைய புரோகிராமை அப்படியே தூக்கி வைக்க முடியலை. 2008 ஏப்ரல் 8-ஆம் தேதி விபி 6-ன் எழுது கருவிக்கான ஆதரவு முடிந்தது. எழுதி முடித்த புரோகிராம்கள் இன்றைய விண்டோஸிலும் ஓடுகின்றன என்பது வேடிக்கைதான். எழுதினவங்களுடைய நிலைமைதான் பிரச்சினை.

அதோடு வெப் வந்தது. கருவியை மட்டும் கத்துக்கிட்டவர் மறுபடி முதல் வகுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. சுழற்சி, பூட்டு, டிரான்ஸாக்ஷன் தெரிஞ்சவருக்கு அது புது மொழி மட்டும். பிரவுசருக்குள் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்ட்டிலும் அதே டீக்கடை மாஸ்டர்தான் நிற்கிறார். குரல் வருது, வேலை நடக்குது, மறுபடி காத்திருப்பு.

அதே சமயத்தில் டாலி மாதிரியான பெரிய சாஃப்ட்வேர்கள் சின்னக் கடைகளையும் பிடித்தன. ஊர் பயிற்சி மையங்களின் போர்டுகளில் விபி மறைஞ்சு டாலி வந்தது. எழுதுகிற கோர்ஸ் போய் இயக்குகிற கோர்ஸ் வந்தது. டாலிக்கு டிடிஎல் என்று சொந்த மொழி இருக்கு, அதை வச்சுக் கடைக்கு ஏத்த மாதிரி மாத்தி எழுதலாம். அதைக் கத்துக்கிட்டவங்க ஊரில் இன்றும் மரியாதையா சம்பாதிக்கிறாங்க. ஆனால் போர்டில் இருக்கும் டாலி, வவுச்சர் போடக் கத்துக்கொடுக்கிற டாலி. ஓட்டை மறுபடி அடைபட்டது.

மத்தளம்பாறை எங்கே பொருந்துது?

இப்போ ஆரம்பத்தில் ஒதுக்கி வச்ச கதைக்கு வரலாம். 1996-ல் தொடங்கிய அட்வென்ட்நெட்தான் 2009-ல் ஜோஹோ கார்ப்பரேஷன் ஆனது. அதன் தொடக்க காலச் சரக்கு, நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்க ஜாவாவில் எழுதிய சாஃப்ட்வேர்கள். 2000-த்தை ஒட்டி டாட்காம் சரிவில் வாடிக்கையாளர்கள் குறைஞ்சபோது புதுப் பொருள்களுக்குத் திரும்பினார்கள். 2005-ல் ரெண்டு காரியம் நடந்தது. ஜோஹோ ரைட்டர் வெளிவந்தது. அதே வருஷம் பிளஸ் டூ முடித்த 6 மாணவர்களோடு சென்னையில் ஒரு பள்ளியும் தொடங்கியது. இன்று அதுக்கு ஜோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங் என்று பேர். ரெண்டு வருஷம், கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு. புரோகிராமிங்கோடு கணக்கு, ஆங்கிலம். அப்புறம் உண்மையான குழுக்களோடு வேலை. பட்டம் கிடையாது.

பழைய கோர்ஸோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ரெண்டு இடத்தில் இருக்கு. ஒண்ணு, காலம். ஆறு மாசத்தில் கருவியைக் கத்துக்கலாம், கருவிக்குக் கீழே இருப்பதைக் கத்துக்க வருஷங்கள் வேணும். இன்னொண்ணு, கத்துக்கிட்டவர் எழுதும் சாஃப்ட்வேர் நிஜமா யாராலோ பயன்படுத்தப்படுது, தப்பு பண்ணினால் புகார் வரும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் முடியாது. 2016-ல் வந்த ஜோஹோ டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவைச் சாஃப்ட்வேரின் பெரும்பகுதி தென்காசி அலுவலகத்தில் உருவானது. ஒரே பொருளோடு பல வருஷம் வாழ்வது, அதன் பழைய முடிவுகளின் விளைவை நாமே சுமப்பது என்பது சின்ன ஊர் புரோகிராமருக்கு அபூர்வமா கிடைக்கிற படிப்பு.

அதே நிறுவனம் 2023-ல் உலா என்ற பிரவுசரைக் கொண்டுவந்தது. பிரவுசர் என்பது ஒரு டெஸ்க்டாப் அப்ளிகேஷன், அதுவும் இருப்பதிலேயே சிக்கலான வகை. டெஸ்க்டாப் செத்துப்போச்சு என்று சொன்னவங்க அதை பிரவுசருக்குள் உட்கார்ந்துதான் சொன்னாங்க.

புகழ்ந்து முடிச்சுட்டால் கட்டுரை பாதிதான். இந்தப் பள்ளி ஒரு நிறுவனத்தின் கதவு. உள்ளே போக இடம் கொஞ்சம். போனவர் வேறு வேலைக்குப் போக நினைத்தால் பட்டம் கேட்கிற நிறுவனங்களும், பட்டப்படிப்பைத் தகுதியா வச்சிருக்கிற அரசுத் தேர்வுகளும் எதிரே நிற்கும். ஒரு முதலாளி நல்ல முடிவு எடுத்ததால் கிடைத்த வாய்ப்பு, வேறு முடிவு எடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியையும் கூடவே கொண்டுவரும். மாவட்டத்தின் பயிற்சி முழுவதும் ஒரே வாசலை நம்பி இருப்பது நல்லதில்லை, அந்த வாசல் எவ்வளவு அகலமா இருந்தாலும்.

இன்னொரு விஷயமும் கவனிக்கணும். மத்தளம்பாறையில் எழுதுவது பெரும்பாலும் தூரத்து வாடிக்கையாளருக்கு. குற்றாலம் லாட்ஜ் அண்ணாச்சியின் பிரச்சினை அப்படியே இருக்கு. சீசனில் நெட் இழுக்காதபோதும் பில் போடணும், கரண்ட் போனாலும் கணக்கு நிக்கணும், தமிழில் பெயர் தேடினால் கிடைக்கணும். கம்ப்யூட்டரிலேயே ஓடி, நெட் வரும்போது மட்டும் சர்வரோடு ஒத்துப்போகிற சாஃப்ட்வேருக்கு இன்றைக்கும் தேவை இருக்கு. எலக்ட்ரான், டாட் நெட், க்யூடி, ஃப்ளட்டர் என்று கருவிகளுக்கும் பஞ்சமில்லை, பெரும்பாலும் இலவசம். யூனிகோட் வந்தபின் தமிழ்ச் சிக்கலும் பாதிக்கு மேல் தீர்ந்தது. 1998-ல் இருந்தவருக்கு இத்தனை வசதி கிடையாது.

அதனால், தென்காசியிலோ சங்கரன்கோவிலிலோ யாராவது புரோகிராமர்களுக்கு டெஸ்க்டாப் மேல்நிலைப் பயிற்சி என்று நோட்டீஸ் அடித்தால், சேருவதற்கு முன்னாடி அஞ்சு கேள்வி கேட்கலாம். ரெண்டு பேர் ஒரே பதிவைத் திருத்தினால் என்ன ஆகும் என்று செய்து காட்டுவீங்களா? பாதியில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஓட்டுவீங்களா? ரிப்போர்ட் ஓடும்போது திரை உறையாமல் இருக்க என்ன வழி? தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்திக் காட்ட முடியுமா? எழுதினதை உண்மையான ஒரு கடையில் ஆறு மாசம் ஓடவிட்டு, புகாரைக் கேட்டுத் திருத்தச் சொல்வீங்களா?

இதில் அஞ்சாவதுதான் கஷ்டம். அதுக்குக் கருவி வேண்டாம், பொறுமையான ஒரு அண்ணாச்சி வேணும். ஐடிஐ, பாலிடெக்னிக், கலைக் கல்லூரி எதுவானாலும் பக்கத்திலேயே கடைத்தெரு இருக்கு. ஒரு வகுப்புக்கு நாலு கடை பேசி வச்சால், அந்தச் சுவரில் விழும் அடுத்த ஓட்டைக்கு எந்த நிறுவனத்தின் தயவும் தேவைப்படாது. ஏற்கனவே இப்படி எங்கேயாவது நடத்திப் பார்த்தவங்க, அல்லது 90-களில் ஊரிலேயே பில்லிங் எழுதி விற்றவங்க இருந்தால் எழுதுங்க. அந்தப் பழைய விபி புரோகிராம்களும் அவற்றை எழுதினவங்க பட்ட பாடும் நம்ம ஊர் சரித்திரம்தான். யாராவது உட்கார்ந்து பதிவு பண்ணணும்.